சீயோனையும் காத்தான்குடிப் பள்ளிவாசலையும் ஒரே கணக்கில் எழுதலாமா?

மட்டக்களப்பில் படிக்கும் ஒரு மாணவர் கேட்டிருக்கிறார்: "நீங்கள் கடவுள் இல்லை என்று வெளிப்படையாகச் சொல்கிறவர். சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்ததைப் பார்த்த பிறகும் மௌலவிமாரோடும் போதகர்களோடும் ஒரே மேசையில் இருக்கிறீர்கள். மதம் ஒழிந்தால் மதத்தின் பெயரால் நடக்கும் கொலையும் ஒழியும் என்று நேராகச் சொல்ல ஏன் தயங்குகிறீர்கள்?" கேள்வியில் கோபம் இருக்கிறது, நியாயமான கோபம்தான். ஆனால் இதற்குள் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. கடவுள் நம்பிக்கை மனிதரைக் கொல்லத் தூண்டுகிறதா என்பது ஒன்று. நம்பிக்கை இல்லாத ஒருவன் இந்த ஊரில் என்ன செய்ய வேண்டும் என்பது மற்றது. முதல் கேள்விக்கு ஆதாரங்களோடு ஓரளவு பதில் சொல்லலாம். இரண்டாவதற்கு என் அனுபவம் மட்டும்தான் கையில் இருக்கிறது.

எந்த இடத்தில் நின்று பேசுகிறேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஆபிரகாம் கோவூரை இளம் வயதிலேயே படித்துத் திரும்பியவன் நான். கேரளத்தில் பிறந்து, இலங்கையில் ஆசிரியராக வாழ்ந்து, அற்புத சக்தி உள்ளவர் என்று சொல்லிக்கொண்டோருக்கு ஒரு இலட்சம் ரூபாய் சவால் விட்டு, 1978இல் மறைந்தவர் அவர். என் வேலை, யுத்தத்தில் ஆட்களைப் பறிகொடுத்த குடும்பங்களோடு உளசமூகப் பணி. அந்த வழியாகத்தான் சர்வமதக் குழுக்களுக்குள் போனேன். கூட்டக் குறிப்பு எழுதுகிறவன், வதந்தி கிளம்பினால் இரண்டு பக்கமும் போன் எடுத்து விசாரிக்கிறவன், அவ்வளவுதான் என் பங்கு. எனக்கு அரபும் தெரியாது, பாளியும் தெரியாது. எந்த வேதத்துக்கு எது சரியான விளக்கம் என்று தீர்ப்புச் சொல்லும் தகுதி எனக்கு இல்லை. எந்த விளக்கத்தைக் கேட்டு மனிதர்கள் எப்படி நடந்தார்கள் என்பதைத்தான் நான் பார்த்திருக்கிறேன்.

சீயோனிலிருந்து ஆறு கிலோமீட்டர் அளவு தெற்கே போனால் காத்தான்குடி. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு காலையில், சீயோனில் ஞாயிறுப் பள்ளி முடிந்து சிற்றுண்டிக்காக வெளியே நின்ற பிள்ளைகள் நடுவே ஒருவன் குண்டை வெடிக்க வைத்தான். முப்பது பேரளவில் இறந்தார்கள், அதில் பலர் சிறுவர்கள். 1990 ஆகஸ்ட் 3, வெள்ளிக்கிழமை இரவு, காத்தான்குடியில் மீரா ஜும்ஆப் பள்ளிவாசலிலும் ஹுசைனியாப் பள்ளிவாசலிலும் இஷாத் தொழுகையில் நின்ற நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். புலிகள் அப்போது மறுத்தார்கள். ஆனால் தப்பியவர்களின் சாட்சியம் அவர்கள் பக்கமே விரலை நீட்டுகிறது, நானும் அதையே ஏற்கிறேன். இரண்டு சம்பவங்களிலும் இறந்தவர்கள் வணங்க வந்தவர்கள். இரண்டிலும் சுவரில் இரத்தம். வெளியூர்ப் பத்திரிகையாளர் ஒருவர் இரண்டையும் "மத வன்முறை" என்று ஒரே தலைப்பில் போட்டுவிடுவார். நான் போடமாட்டேன்.

காத்தான்குடியில் சுட்டவர்களை எந்தச் சாமியும் அனுப்பவில்லை. அந்த இயக்கத்தின் கொள்கையில் மறுமை இல்லை, வேதம் இல்லை. அதில் இந்துக்களும் கத்தோலிக்கரும் இருந்தார்கள், கடவுளைக் கும்பிடாதவர்களும் இருந்தார்கள். பள்ளிவாசலைத் தெரிவு செய்ததற்குக் காரணம், அந்த நேரத்தில் ஆண்கள் வரிசையாக, முதுகைக் காட்டிக்கொண்டு, ஆயுதமில்லாமல் நிற்கும் இடம் அதுதான். அது இன, அரசியல், நிலக் கணக்கு. அந்த மாதமும் அடுத்த மாதமும் எப்படிப் போயின என்பது இங்கே வயதானவர்களுக்கு மனப்பாடம்: ஒரு வாரம் கழித்து ஏறாவூரில் முஸ்லிம்கள், ஆகஸ்ட் 12இல் அம்பாறை மாவட்டத்து வீரமுனையில் பிள்ளையார் கோயிலில் தஞ்சமடைந்திருந்த தமிழர்கள், செப்டம்பர் 5இல் வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் அகதிகளாக இருந்தவர்களில் 158 பேரை ஆமி கொண்டுபோனது, செப்டம்பர் 9இல் சத்துருக்கொண்டானில் 184 பேர். பள்ளிவாசல், கோயில், பல்கலைக்கழகம், கிராமம் என்று இடம் மாறியது. இந்த இடங்களில் ஒன்றில்கூடக் கொன்றவர்கள் கொல்லப்பட்டவர்களிடம் "நீ எதை நம்புகிறாய்" என்று கேட்கவில்லை. பெயரைக் கேட்டார்கள், பேச்சைக் கேட்டார்கள், அடையாள அட்டையைப் பார்த்தார்கள். என்னைப் போன்ற நாத்திகன் ஒருவன் அந்த வரிசையில் நின்றிருந்தால் அவன் அப்பன் வைத்த பெயருக்காகவே செத்திருப்பான்.

தற்கொலைத் தாக்குதலை எடுத்துக்கொள்ளுங்கள். சொர்க்கம் கிடைக்கும் என்ற நம்பிக்கை இல்லாமல் எவனும் தன் உடம்பில் குண்டு கட்டமாட்டான் என்று மேற்கு நாட்டு நாத்திகர்கள் பலர் எழுதினார்கள். அதை வாசித்தபோது எனக்கு வந்தது சிரிப்புத்தான். 1987 ஜூலை 5இல் நெல்லியடியில் புலிகளின் முதல் தற்கொலைத் தாக்குதல் நடந்ததே, அது என்ன? அமெரிக்க அரசறிவியலாளர் ராபர்ட் பேப் 1980 முதல் 2003 வரை உலகில் நடந்த 315 தற்கொலைத் தாக்குதல்களை எண்ணியபோது, தனியொரு அமைப்பாக அதிகம் செய்தது புலிகள்தான் என்று கண்டார், 76. ஆக, சாவதற்கும் சாகடிப்பதற்கும் கடவுள் கட்டாயம் இல்லை. இது உறுதி. ஆனால் பேப் இதிலிருந்து, மதம் பெரிய காரணமே இல்லை, அந்நிய ஆக்கிரமிப்புத்தான் காரணம் என்று ஒரு படி மேலே போனார். அந்தப் படி எனக்குச் சந்தேகம். அவருடைய கணக்கு முடிந்த ஆண்டுக்குப் பிறகுதான் ஈராக்கில் குண்டுகள் வரிசையாக வெடித்தன. அதில் செத்தவர்களில் மிகப் பலர் சக முஸ்லிம்கள். அந்தப் பிற்காலக் கணக்கையும் சேர்த்துப் பார்த்த ஆய்வாளர்களுக்கு வேறு படம் கிடைத்தது.

இப்போது சீயோனுக்கு வருவோம். "இதற்கும் மதத்துக்கும் சம்பந்தமில்லை" என்று சொல்வோருக்கு நான் சொல்வது இதுதான்: இலக்கைப் பாருங்கள். 2014இல் அளுத்கமையிலும் 2018இல் திகனையிலும் முஸ்லிம்களைத் தாக்கியவர்கள் சிங்களக் கும்பல்கள். கிழக்கில் பழைய காயம் தமிழரோடு. உள்ளூர்ப் பழிவாங்கல் என்றால் குண்டு எங்கே போயிருக்க வேண்டும்? போனது கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்கு, நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டிக்கு, சீயோனுக்கு, கொழும்பின் சொகுசு ஹோட்டல்களுக்கு. இந்த நாட்டின் கிறிஸ்தவர்களுக்கு, ஒரு மதச் சமூகமாக, முஸ்லிம்களோடு பெரிய பகை இருந்ததில்லை. அவர்களை எதிரியாக்கிய வரைபடம் சிரியாவிலும் ஈராக்கிலும் வரையப்பட்டது. பொறுப்பேற்ற ஐஎஸ் இயக்கத்தின் அறிக்கையும் கிறிஸ்தவர்களையும், அந்த இயக்கத்தோடு போரிட்ட கூட்டுப்படை நாட்டவர்களையுமே இலக்கென்று சொன்னது. நியூசிலாந்து கிறைஸ்ட்சேர்ச் தாக்குதலுக்குப் பழி என்று அரசாங்கத் தரப்பிலிருந்து ஒரு கதை வந்தது. அந்தத் தாக்குதல் நடந்தது 2019 மார்ச் 15. வனாத்தவில்லுவில் இதே கூட்டத்தின் வெடிபொருள் பிடிபட்டது அதற்கு முன்பே, ஜனவரியில். மாவனல்லையில் புத்தர் சிலைகள் உடைக்கப்பட்டது அதற்கும் முன்பு, 2018 டிசம்பரில். கிறைஸ்ட்சேர்ச் அவசரத்தைக் கூட்டியிருக்கலாம். ஆயத்தம் அதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டது.

வறுமையும் படிப்பின்மையும் காரணம் என்ற பதிலும் இங்கே நிற்காது. கொழும்பு ஹோட்டல்களில் வெடித்தவர்களில் இருவர் பெரிய மசாலா வியாபாரியின் பிள்ளைகள். அந்தக் கூட்டத்தின் இன்னொரு குண்டுதாரி இங்கிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் படித்தவர். அந்தக் கூட்டத்தை ஒன்றாகக் கட்டியது கொள்கை. அந்தக் கொள்கை ஒரு மதத்தின் சொற்களால் பேசியது, அதன் நூல்களிலிருந்து மேற்கோள் காட்டியது, அதன் சுவனத்தை வாக்களித்தது. அதை மதமே இல்லை என்று சொல்வது மரியாதைக்காகச் சொல்லும் பொய். மரியாதைக்காக நானும் பல பொய்கள் சொல்லுவேன், இதைச் சொல்லமாட்டேன்.

இன்னொரு ஆதாரம் இருக்கிறது. மட்டக்களப்புத் தமிழர்களில் பலருக்கு இது தெரியாது, தெரிந்துகொள்ள அக்கறையும் காட்டியதில்லை. ஈஸ்டர் தாக்குதலை நடத்திய கூட்டத்தின் தலைவர், காத்தான்குடிக்காரரான சஹ்ரான் ஹாஷிமின் வன்முறையை முதலில் அனுபவித்தவர்கள் முஸ்லிம்கள். காத்தான்குடியில் இறைவனை உள்ளனுபவத்தில் தேடும் சூபி வழியைப் பின்பற்றுவோருக்கும் அவர்களை வழிகேடர்கள் என்போருக்கும் இடையிலான பிணக்கு நாற்பது வருடத்துக்கும் பழையது. 1979இலேயே சூபிகளின் ரவூப் மௌலவி மதம் மாறியவர் என்று மௌலவிமாரின் சபையான அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா பத்வா, அதாவது மார்க்கத் தீர்ப்பு, கொடுத்தது. 2004இல் சூபிகளின் இடங்கள் தாக்கப்பட்டன. 2006 டிசம்பரில் 'பயில்வான்' என்று அழைக்கப்பட்ட சூபித் தலைவர் இறந்தபோது, அவரை அந்த மண்ணில் அடக்கக் கூடாது என்று கலவரமாகி, அடக்கிய உடலையே தோண்டி எடுத்தார்கள். 2017 மார்ச் 10இல் அலியார் சந்தியில் சஹ்ரானின் ஆட்கள் சூபிகளோடு மோதினார்கள். அதற்குப் பிறகுதான் அவர் தலைமறைவானார். இனமும் மொழியும் தெருவும் ஒன்றாக இருந்தும், இவர்களுக்குள் பிரிவினை இறைவனை எப்படிப் புரிந்துகொள்வது என்பதில் வந்தது. நிலத் தகராறு, தேர்தல் போட்டி என்று எதைக் கலந்தாலும் இதில் இறையியலைக் கழித்துவிட்டால் மிச்சம் அதிகமில்லை. கிழக்கில் 'மத வன்முறை' என்ற பெயருக்கு மிகச் சரியாகப் பொருந்துவது இந்த உட்பிணக்குத்தான். தமிழர்களான நாங்கள் "அது அவர்களுடைய உள்வீட்டுப் பிரச்சினை" என்று ஊர் எல்லையோடு திரும்பிவிட்டோம்.

அதிகாரிகள் பார்த்த கண்ணாடியும் அதுதான். 2018 நவம்பர் 30இல் வவுணதீவில் இரண்டு பொலிஸ்காரர்கள் கொல்லப்பட்டார்கள். உடனே பிடித்து உள்ளே போட்டது முன்னாள் போராளியை. ஈஸ்டர் குண்டுகள் வெடித்த பிறகுதான், அதைச் செய்தது சஹ்ரான் கூட்டம் என்பது வெளியே வந்தது. காத்தான்குடி மக்களே சஹ்ரானைப் பற்றி முறையிட்டிருந்தார்கள். 2019 ஏப்ரல் 4இல் இந்தியாவிலிருந்து எச்சரிக்கையும் வந்தது. 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம் முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேனவைப் பத்துக் கோடி ரூபாய் நட்டஈடு கட்டச் சொன்னது, இந்த அலட்சியத்துக்காகத்தான். அலட்சியத்துக்கு அப்பால் யாராவது தெரிந்தே வழிவிட்டார்களா என்ற குற்றச்சாட்டும் இருக்கிறது. அது பற்றி ஊரில் ஆளுக்கொரு கதை உண்டு. நிரூபணமாகும்வரை நான் அதை வாதத்துக்குள் கொண்டுவருவதில்லை.

சரி, மதத்தில் எந்தப் பகுதி இதைச் செய்கிறது? கடவுளை நம்புவதா, வேறெதுவுமா? 2009இல் ஜெரமி ஜிஞ்ஜஸ் என்ற உளவியலாளரும் அவரோடு சேர்ந்தவர்களும் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். பாலஸ்தீனர்களிடம் எடுத்த கருத்துக்கணிப்பில், எவ்வளவு அதிகம் தனியே பிரார்த்திக்கிறார் என்பதற்கும் தற்கொலைத் தாக்குதலை ஆதரிப்பதற்கும் தொடர்பு தெரியவில்லை. எவ்வளவு அடிக்கடி பள்ளிவாசல் போகிறார் என்பதற்கும் ஆதரவுக்கும் தொடர்பு இருந்தது. யூதக் குடியேறிகளிடமும் இதையே வேறு விதமாகச் சோதித்தார்கள். முதலில் தொழுகைக்கூடத்தை நினைவுபடுத்திவிட்டு, 1994இல் ஹெப்ரோனில் முஸ்லிம்களைச் சுட்டவனைப் பற்றிக் கேட்டால் ஆதரவு கூடியது, பிரார்த்தனையை நினைவுபடுத்திவிட்டுக் கேட்டால் குறைந்தது. இது கருத்தைக் கேட்ட ஆய்வு, கொலைகாரர்களைக் கேட்ட ஆய்வு இல்லை. இதை வைத்து எல்லாவற்றையும் விளக்க முடியாது. ஆனாலும் நான் இங்கே கண்டதோடு இது நன்றாக ஒட்டுகிறது. விடியற்காலையில் தனியே தஸ்பீஹ் உருட்டும் கிழவரும், வெள்ளிக்கிழமை விளக்கு வைக்கும் அம்மாவும் எனக்குப் பயம் தந்ததில்லை. "நாங்கள்" என்று ஒருவர் ஒலிவாங்கியில் சொல்ல, கீழே இருப்பவர்களுக்கு எதிர்த்துக் கேட்க வாய்ப்பே இல்லாத கூட்டம்தான் பயம் தரும். பக்தியின் அளவை நான் பார்ப்பதில்லை. கேட்கிறவன் எழுந்து "அது தவறு ஹஸ்ரத்", "அப்படி இல்லை பாஸ்டர்", "அது சரியில்லை ஐயா" என்று சொல்ல முடிகிறதா என்று பார்க்கிறேன். இந்த அளவுகோலை வைத்தால் சில அரசியல் கட்சிக் கூட்டங்களும் இதே தராசில் ஏறும். நாத்திகக் கூட்டம் ஒன்றிரண்டும் ஏறும்.

அதற்காக மத நூல்களை நான் தப்பவிடுவதில்லை. கொலைக்கு அனுமதிச் சீட்டு எழுதிக் கொடுக்கும் வரிகள் அவற்றில் இருக்கின்றன. எல்லாளனின் படையைக் கொன்று குவித்த துட்டகைமுனு மனம் வருந்தியபோது அரகந்தர்கள் (ஞானம் அடைந்த பிக்குகள்) வந்து, நீ கொன்றது ஒன்றரை மனிதரைத்தான், மற்றவர்கள் மிருகத்துக்குச் சமம் என்று ஆறுதல் சொன்னதாக மகாவம்சம் எழுதி வைத்திருக்கிறது. இதை எங்கள் ஆட்கள் மேடைதோறும் சொல்லுவார்கள். ஆனால் மதுரையில் எண்ணாயிரம் சமணரைக் கழுவேற்றிய கதையை எங்கள் புராணமும் வெட்கமில்லாமல் பாடுகிறதே? அது உண்மையில் நடந்ததா என்பது சந்தேகம்தான். அந்த எண்ணிக்கைக்குக் கல்வெட்டுச் சான்று இல்லை, அதற்குப் பிறகும் சமணர் தமிழ்நாட்டில் நெடுங்காலம் இருந்தார்கள். ஆனால் நடந்ததோ இல்லையோ, அதை ஒரு வெற்றியாகச் சொல்லிக் கொண்டாடியது நிச்சயம்.

இதற்கு மறுபக்கம், மதம் வெறும் சட்டையாக மட்டும் இருந்த வன்முறையும் எங்கள் பகுதியில் உண்டு. 2018 பெப்ரவரி 26 இரவு அம்பாறை நகரில் ஒரு முஸ்லிம் உணவுக்கடையில், சாப்பாட்டில் ஏதோ கட்டியாகக் கிடந்தது என்று தகராறு. சிங்களவரை மலடாக்கும் மாத்திரை போட்டாயா என்று சூழ்ந்துகொண்டு கேட்டார்கள். சிங்களம் சரியாக வராத கடைக்காரர் தலையாட்டியது வீடியோவாகி ஊர் முழுக்கப் போனது. அன்றிரவே பள்ளிவாசலும் கடைகளும் உடைந்தன. பிறகு அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் பார்த்துச் சொன்னது: அது மாச்சத்து. மாக் கட்டி! உணவில் கலந்து மனிதரை மலடாக்கும் அப்படியொரு மாத்திரை உலகத்திலேயே இல்லை. ஒரு வாரத்தில் திகனை எரிந்தது. இதில் எந்தப் பௌத்த நூலைக் குற்றம் சொல்வது? சனத்தொகை பற்றிய பயம் அது, காவியைச் சுற்றிக்கொண்டு வந்தது.

நாத்திகர்கள் யோசிக்க வேண்டிய ஒன்றை இந்த இடத்தில் சொல்கிறேன். 2020இல் கொரோனாவால் இறந்த முஸ்லிம்களையும், அடக்கம் செய்ய விரும்பிய மற்றவர்களையும் கட்டாயமாக எரித்தார்கள். புதைத்தால் நிலத்தடி நீர் கெடும் என்று நிபுணர் குழுவின் பெயரால் சொன்னார்கள். புதைக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருந்தது, உலகமே புதைத்துக்கொண்டிருந்தது. ஒரு சமூகத்தை மாதக்கணக்கில் அழவைத்தது அறிவியலின் வெள்ளை அங்கியைப் போட்டுக்கொண்டு வந்த வெறுப்பு. 2021 மார்ச்சில் கடைசியாக இடம் ஒதுக்கியது எங்கள் மாவட்டத்தில், ஓட்டமாவடி மஜ்மா நகரில். அங்கே அடக்கப்பட்ட 3,634 பேரில் 2,992 பேர் முஸ்லிம்கள். மிச்சம் 287 இந்துக்கள், 270 பௌத்தர்கள், 85 கிறிஸ்தவர்கள். 2024இல் அரசாங்கம் மன்னிப்புக் கேட்டது. "மதம் போனால் பகுத்தறிவு வரும்" என்று நம்புகிறவர்கள், பகுத்தறிவின் மொழியைக் கொடுமைக்குப் பயன்படுத்துவது எவ்வளவு சுலபம் என்பதை இங்கே வந்து பார்க்கலாம். ஸ்டாலினின் ரஷ்யாவையும், பிக்குகளையும் சாம் முஸ்லிம்களையும் கொன்ற பொல் பொட்டின் கம்போடியாவையும் நினைவூட்டினால் என் நாத்திக நண்பர்கள், "அவர்கள் நாத்திகத்துக்காகக் கொல்லவில்லை" என்பார்கள். பாதி உண்மை. மதத்தை ஒழிப்பதும் அந்தத் திட்டத்தின் ஒரு பகுதியாகத்தான் இருந்தது.

உலகத்தில் நடந்த போர்களில் ஏழு வீதம்தான் மதத்தால் வந்தவை என்று ஒரு கணக்கு அடிக்கடி சுற்றி வருகிறது. இதை மதவாதிகள் என்னிடம் காட்டுவார்கள். ஒரு கலைக்களஞ்சியத்தின் பின்பக்க அட்டவணையில் 'மதப் போர்' என்ற தலைப்பின் கீழ் இருந்தவற்றை எண்ணி எடுத்த எண் அது. எங்கள் யுத்தத்தை அந்தப் பட்டியலில் எந்தப் பக்கம் போடுவீர்கள்? பௌத்தத்துக்கு முதலிடம் கொடுக்கும் அரசியலமைப்பு ஒரு பக்கம், மதமே பேசாத இயக்கம் மறுபக்கம். எண்ணிக்கையால் தீர்க்கக்கூடிய வழக்கு இல்லை இது.

இனி, நான் ஏன் அந்த மேசையில் இருக்கிறேன் என்பதற்கு. யுத்த காலத்தில் பிள்ளை காணாமல் போன தாய்மார் ஆமி முகாமுக்கும் இயக்கத்தின் முகாமுக்கும் அலைந்து, யாரும் பதில் சொல்லாமல், கடைசியில் போய் நின்றது அம்மன் கோயில்களில் தெய்வமாடுபவர்களிடம். "என் மகன் இருக்கிறானா?" என்று கேட்பார்கள். ஆடுபவர் வாக்குச் சொல்லுவார், சில வேளை தாயோடு சேர்ந்து அழுவார். கோவூரைப் படித்த எனக்கு அது பித்தலாட்டம் என்று தோன்றியிருக்க வேண்டும். ஆனால் வாய்விட்டு அழக்கூட அனுமதி இல்லாத அந்த ஆண்டுகளில், நடந்த சித்திரவதையைப் பலர் முன்னிலையில் உரத்துச் சொல்ல முடிந்த ஒரே இடம் அந்தக் கோயில் வீதி. எங்கள் பணியாளர்களிடம் பேச மறுத்த தாய்மார் அங்கே பேசினார்கள். அதில் கெடுதலும் இருந்தது. "இருக்கிறான், வடக்குத் திசையில்" என்ற வாக்கைப் பிடித்துக்கொண்டு வருடக்கணக்கில் சோறு எடுத்து வைத்த வீடுகள் எனக்குத் தெரியும். மொத்தத்தில் நன்மை கூடியதா தீமை கூடியதா என்று கணக்குப் பார்க்க என்னால் முடியவில்லை, அந்தத் தாய்மாரிடம் போய் வாதாடவும் மனம் வரவில்லை.

மதகுருமாரில் உயிரைக் கொடுத்தவர்களும் உண்டு. சமாதானக் குழுவில் இருந்த சந்திரா பெர்னாண்டோ சுவாமி 1988 ஜூனில் மட்டக்களப்பில் சுட்டுக் கொல்லப்பட்டார். புனித மிக்கேல் கல்லூரியில் பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து பழக்கிய அமெரிக்க யேசு சபைத் துறவி ஹேபர்ட் சுவாமி, 1990 ஆகஸ்ட் 15இல் வாழைச்சேனையிலிருந்து வரும் வழியில், கூட வந்தவரோடு காணாமல் போனார். ஊரே ஒளிந்திருந்த நேரத்தில் அவர் வீதியில் இருந்தார். அவருடைய விசுவாசம் அவரைத் துணிய வைத்தது என்று நம்புவதில் எனக்குத் தடை இல்லை. அந்த விசுவாசம் பொய் என்பது வேறு விடயம். ஒரே வகையான விசுவாசம் ஒருவனைக் குண்டோடும் இன்னொருவரை அகதிகளுக்கு உணவோடும் எப்படி அனுப்புகிறது என்று கேட்டால், என்னிடம் இருப்பது மேலே சொன்ன கூட்டத்தின் விளக்கம் மட்டும்தான். அதுவும் முழுதாக விளக்காது. சஹ்ரானின் சகோதரர்கள் அவர் வழியில் போய் 2019 ஏப்ரல் 26இல் சாய்ந்தமருதில் பிள்ளைகளோடு செத்தார்கள். அதே குடும்பத்தில் அவரைப் பகிரங்கமாகக் கண்டித்தவரும் இருந்தார். ஒரே வீடு, ஒரே உபதேசம்.

மேடைகளில் தமிழரும் முஸ்லிம்களும் பிட்டும் தேங்காய்ப்பூவும் போல என்று முழங்குவதை நான் சர்வமதக் குழுவில் தடை செய்யச் சொன்னேன், பகிடியாக இல்லை. தாய்வழிக் குடி முறை இரண்டு சமூகத்துக்கும் பொதுவாக இருக்கிறது, வாவிக்குக் கிழக்கே எழுவான்கரைக் கடையும் மேற்கே படுவான்கரை வயலும் ஒன்றையொன்று நம்பித்தான் ஓடுகின்றன. இதெல்லாம் 1990இலும் இருந்தது. இருந்தும் நடந்தது. ஆகவே உபதேசத்தைவிட, வதந்தி வந்த முதல் இரண்டு மணித்தியாலத்தில் யார் யாருக்குப் போன் எடுப்பது என்ற பட்டியல்தான் எனக்குப் பெரிது. "நீங்கள் கண்ணால் கண்டீர்களா?" என்று கேட்க நம்பகமான ஒருவர் இரண்டு பக்கமும் வேண்டும். எங்கள் ஊரில் நள்ளிரவில் அழைத்தாலும் மக்கள் போனை எடுக்கும் ஆள் குருக்களும் மௌலவியும் போதகரும் பிக்குவும்தான். நாத்திகன் அழைத்தால் எடுக்கமாட்டார்கள் தம்பி, உண்மை அதுதான்.

மதங்களோடு நான் சண்டை போடும் விடயமும் ஒன்று இருக்கிறது. இங்கே தமிழ்ப் பாடசாலை தனி, முஸ்லிம் பாடசாலை தனி, விடுமுறைக் காலமும் தனி. கல்முனையில் அடுத்தடுத்த தெருவில் வளரும் பிள்ளைகள் பல்கலைக்கழகத்தில்தான் ஒரே வாங்கில் உட்காருகிறார்கள், அதுவும் எல்லோரும் இல்லை. சமயம் கட்டாய பாடம், அதுவும் அவரவர் சமயம் மட்டும். பக்கத்து வீட்டுக்காரன் ஏன் நோன்பு பிடிக்கிறான் என்று தெரியாமலே ஒரு பிள்ளை சாதாரண தரத்தில் சைவசமயத்துக்கு ஏ எடுக்கலாம். எல்லாச் சமயங்களையும், ஒரு சமயமும் இல்லாதவர்களையும் பற்றிய ஒரு பொதுப்பாடம் வேண்டும், அதை ஒரே வகுப்பில் கலந்து இருத்திப் படிப்பிக்க வேண்டும் என்று ஒவ்வொரு வருடமும் குழுவில் எழுத்தில் கொடுக்கிறேன். மற்ற எல்லாத் தீர்மானத்திலும் இழுபறிப்படும் நான்கு மதத்தாரும் இதை மட்டும் ஒரே குரலில் நிராகரிக்கிறார்கள். இந்த வருடமும் கொடுத்திருக்கிறேன்.